வாவு முகம்மதுவுக்கு இழுப்பு

"சம்மந்தி, அது முடியாது" என்று சொல்லத்தான் வாவு முகம்மது வாயைத் திறந்தார். பாதிச் சொல்லில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

போனின் மறுமுனையில் மாப்பிள்ளையின் அத்தா காத்திருந்தார். நிக்காஹ்வைத் தொண்டியில் வைக்காமல் ராமநாதபுரத்தில் ஒரு மஹாலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார் அவர். பெண்ணுடைய ஊரில்தான் நிக்காஹ் என்று வாவு முகம்மது ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"சம்ம..." என்றார். எச்சிலைக் கூட்டப் பார்த்தார். கூட்ட எச்சில் இல்லை. "சம்ம..."

"சம்மதமா? அல்ஹம்துலில்லாஹ்! உங்க மனசு யாருக்கு வரும்? இப்பவே மஹாலுக்குச் சொல்லிருறேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. வாவு முகம்மது ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். அதற்குள் மனைவி காலிதா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"என்னங்க சொன்னாரு?"

"ராமநாதபுரத்துலயே வச்சிக்கலாம்னுட்டேன்."

"தொண்டிய விட்டு ஒரு அடி நகர மாட்டேன்னு காலையில கூடச் சொன்னீங்க?"

"மனுசனுக்கு மனசு மாறக் கூடாதா?" என்று சீறினார். தப்பு அவர் பக்கம் இருக்கும்போதெல்லாம் அவர் சீறுவார்.

வாவு முகம்மது பாதி ஆயுளை துபாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கழித்தவர். கிரேன் உச்சியிலிருந்து கீழே நிற்பவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை வளர்ந்துவிட்டது. அவர் தொண்டியில் பேசினால் தள்ளி இருக்கும் காரங்காட்டில் படகுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் இப்போது காய்ந்து கிடந்தது.

காரணம் சட்டைப்பைக்குள் இருந்தது. மகள் மாஷிதாவுக்குச் சம்பந்தம் கூடியபோது காலிதா அவரிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். "மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தரும் பீடி சிகரெட்டு தொட மாட்டாகளாம். நீங்களும் இனிமே புகைய வாயில வைக்கக் கூடாது." அவரும் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே துபாயிலிருந்து வந்த சிநேகிதன் கபீர், பேனா மாதிரி ஒன்றைச் சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். வேப் என்று பேர், நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட சாமான். இழுத்தால் முனையில் நீல விளக்கு எரியும். விட்டால் மாம்பழ வாசத்தோடு வெள்ளையாக வரும்.

"இது புகை இல்ல, ஆவி" என்று வாவு முகம்மது தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். சத்தியம் பழுதில்லாமல் இருந்தது. வாய்தான் பழுதாகிவிட்டது.

அன்று சாயங்காலமே மாட்டிக்கொண்டார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இழுத்துக்கொண்டிருந்தபோது, துணி எடுக்க வந்த காலிதா தலைக்கு மேலே மிதந்த வெள்ளையைப் பார்த்துவிட்டாள்.

"கையில என்னது அது?"

"இன்ஹேலர்."

"யாருக்கு இழுப்பு?"

"எனக்குத்தான். கொஞ்ச நாளாவே மூச்சு முட்டுது. உன்னையப் பயமுறுத்த வேணாம்னு சொல்லல."

"மாம்பழமால்ல மணக்குது?"

"சின்னப் பிள்ளைகளுக்கு உள்ள மருந்து. எனக்கு அதுதான் ஒத்துக்குது."

காலிதா அவரையும் அந்த நீல விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். "இழுப்பை எங்கிட்ட மறைக்கலாமா? இனிமே நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தப்பித்தோம் என்று நினைத்தார் வாவு முகம்மது. மறுநாள் காலையில் செம்பில் தண்ணீர் இல்லை. ஃப்ரிட்ஜில் பாட்டில்கள் இல்லை. மேசைமேல் ஒரு டம்ளர் சுக்கு வெந்நீர் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

"பச்சத் தண்ணி குளுமை. இழுப்புக்கு ஆகாது" என்றாள் காலிதா.

"அப்ப மோரு குடு."

"மோரா? நெஞ்சுல சளி கட்டவா?"

"ஒரு எலுமிச்சம்பழமாவது..."

"அல்லாவே! புளிப்பு எடுத்தா இழுத்துக்கிட்டு நிக்கும்."

மத்தியானச் சோற்றுக்குக் கருவாடு வந்தது. ராத்திரிக்கும் கருவாடு. கருவாடு உடம்புக்குச் சூடு கொடுக்குமாம். கூடவே வறுத்த கொள்ளும், தண்ணீர் ஊற்றித்தான் அரைத்தாளா என்று சந்தேகப்படும்படி ஒரு மிளகுத் துவையலும் இருந்தன. சாப்பிட்டு எழுந்தபோது அவருடைய நாக்கு வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இருந்தது.

கபீருக்குப் போன் போட்டார்.

"அந்த மிஷினை ஊதினா வாய் காயத்தான் செய்யும், வாவு" என்றான் கபீர். "அடிக்கடி தண்ணி குடி. மோரு குடி. எலுமிச்சை உறிஞ்சு. உப்பு, காரம், சுக்கு, மிளகு பக்கம் தலை வச்சுப் படுக்காத."

"ஏலே, நீ தொடாதங்குறதத்தான் எனக்கு மூணு வேளையும் போடுறா."

"அப்ப ஒண்ணு மிஷினை விடு. இல்லாட்டி மயினிகிட்ட உண்மையச் சொல்லு."

"ரெண்டும் மாட்டேன்! அம்பது டிகிரி வெயில்ல கிரேன் மேல நின்னவன் நான். இந்த எச்சிலுக்காக எவகிட்டயும் போய் மண்டி போட மாட்டேன்."

சொல்லிவிட்டு ஆத்திரத்தில் இன்னும் நாலு இழுப்பு அதிகமாக இழுத்தார்.

குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்தார். கடற்கரை ஊர், குழாயில் வருவது உப்புத் தண்ணீர். தாகம் இரண்டு மடங்கானது. சூயிங்கம் வாங்கி மென்றார். காலிதாவின் தம்பி நுஃமான் அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், இழுக்கும்போது அது மூச்சுக்குழாயில போயிருச்சுன்னா?" என்று கையை நீட்டித் துப்ப வைத்தான். நுஃமான் நல்லவன். மச்சானுக்கு இழுப்பு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நிழல் மாதிரி கூடவே வந்தான், கடையில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வாங்க விடவில்லை.

அவனுக்குப் போக்குக் காட்டிவிட்டு ஒருநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவாடானைக்கே போய்விட்டார். கோயில் தேருக்குப் பக்கத்தில் மலையாண்டி என்பவர் மோர் விற்பார். பானை வியர்த்து நின்றது. மேலே கொத்தமல்லி மிதந்தது.

"ரெண்டு டம்ளர் குடுங்க" என்றார் வாவு முகம்மது. சத்தம் காற்றாகத்தான் வந்தது.

மலையாண்டி அகப்பையைக் கையில் எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். "பாய், நீங்க தொண்டி கிரேன்கார பாய்தானே? உங்களுக்கு இழுப்பாம்ல?"

"யாரு சொன்னது?"

"உங்க மச்சினரு போட்டோவக் காட்டிச் சொல்லிட்டுப் போனாரு. இவரு வந்தா மோரு குடுத்துராதீக, உசுரு போயிரும்னாரு. எனக்கு எதுக்குப் பாய் அந்தப் பாவம்?"

"நான் செத்தா நான் செத்துட்டுப் போறேன். மோரை ஊத்துங்க!"

"இந்தா பாருங்க, பேசும்போதே எப்படி இழுக்குது!" என்று பதறிப்போய் பானையை மூடிவிட்டார் மலையாண்டி.

அதற்குள் செய்தி சம்மந்தி வீடுவரை போய்விட்டது. பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். தூதுவளைப் பொடி, திப்பிலிப் பொடி, பேர் தெரியாத இரண்டு பொடிகள். எல்லாம் பொடிகள். காலிதா ஒவ்வொன்றையும் பக்குவமாக வாங்கி, ஒன்றுவிடாமல் அவர் நாக்கில் வைத்தாள். இழுப்பு இருப்பதை நிரூபிக்க அவர் நடுநடுவே இருமவும் வேண்டியிருந்தது. இருமினால் இன்னொரு ஸ்பூன் பொடி வந்தது.

அப்போதும் அவர் அசைந்துகொடுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று வெடித்த உதட்டைப் பார்த்து, "இந்த வாவு முகம்மது இதுக்கெல்லாம் மசிய மாட்டான்" என்று சொல்ல முயன்றார். 'வாவு'வுக்கு மேல் வரவில்லை.

நிக்காஹ் நாள் வந்தது. ராமநாதபுரம் மஹால் நிரம்பி வழிந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கும் படபடப்பில் அவர் கார் நிறுத்துமிடத்தில் ஒதுங்கி ஆசை தீர இழுத்துவிட்டு வந்து மேடையில் உட்கார்ந்தார். எதிரே மாப்பிள்ளை உசாமா. நடுவில் நிக்காஹ்வை நடத்திவைக்கும் ஹஜ்ரத். குத்பா உரை முடிந்தது. ஹஜ்ரத் மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

"பொண்ணோட அத்தா, சொல்லுங்க. என் மகள் மாஷிதாவை..."

வாவு முகம்மது வாயைத் திறந்தார். மைக்கில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நாக்கு ஒட்டிய சத்தம்.

"சொல்லுங்க, என் மகள்..."

டொக்.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "பொண்ணு அத்தாவுக்குச் சம்மதமில்லையோ?" என்று யாரோ கேட்டார்கள். சம்மந்தியின் முகம் வெளுத்தது. உசாமா தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டான். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் எழுந்து நிற்பது கேட்டது. மாஷிதா விசும்புகிற மாதிரி இருந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து காலிதாவின் குரல் கணீரென்று வந்தது.

"அவுகளுக்கு இழுப்பு வந்துருச்சு! நுஃமான், அவுக ஜிப்பாப் பையில இன்ஹேலர் இருக்கும், எடுத்து வாயில வையி!"

நுஃமான் பாய்ந்து வந்தான். பைக்குள் கைவிட்டு எடுத்தான். எல்லோர் முன்னாலும் அதை மச்சானின் உதட்டில் பொருத்தினான்.

"இழுங்க, வெக்கப்படாதீங்க. மருந்துதானே" என்றார் ஹஜ்ரத் கனிவாக.

கடைசி வரிசையில் இருந்த இளவட்டங்கள் மட்டும் கழுத்தை நீட்டி அந்தப் பொருளை உற்றுப் பார்த்தார்கள்.

வாவு முகம்மது யோசித்தார். இழுத்தால் ஹஜ்ரத்தின் தலைப்பாகைக்கு மேலே மாம்பழ மேகம் எழும்பும். இழுக்காவிட்டால் மகளின் நிக்காஹ் நின்றுபோகும். விசும்பல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

நுஃமானின் கையைத் தட்டிவிட்டார். சம்மந்தியின் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தார். நுஃமானிடமிருந்து மிஷினைப் பிடுங்கி அந்தப் பாட்டிலுக்குள் போட்டு மூடினார். நீல விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது.

எழுந்து நின்றார்.

"எனக்கு இழுப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார். கிரேன் உச்சிக் குரல் திரும்பி வந்திருந்தது. "இது சிகரெட்டுக்குப் பதிலா ஊதுற மிஷினு. வாய் காஞ்சதும் இதாலதான். என் பொண்டாட்டிகிட்ட நான் சொன்னது பொய்யி. ஏசுறவுக எல்லாரும் பிரியாணி தின்னுட்டுத் தெம்பா வந்து ஏசுங்க, கேட்டுக்கிறேன். இப்ப என் மக நிக்காஹ்வ எவனும் நிறுத்த முடியாது."

உட்கார்ந்தார். ஹஜ்ரத் சொல்லிக்கொடுக்கக் காத்திருக்காமல் அவரே சொன்னார். "என் மகள் மாஷிதாவைப் பேசிய மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்!" மஹாலுக்கு வெளியே பிரியாணி அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். உசாமா பயந்துபோய் உடனே ஏற்றுக்கொண்டான்.

விருந்து முடிந்தபின் காலிதா ஒரு பெரிய செம்பு நிறைய மோர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. அவர் மூச்சு விடாமல் குடித்து முடித்தார். நாக்கு அத்தனை நாளுக்குப் பிறகு நாக்காக அசைந்தது. கண் கலங்கிவிட்டது.

"காலிதா, இம்புட்டு நாளா உன்னைய ஏமாத்திட்டேன். நீ ஒண்ணுந் தெரியாம இழுப்புன்னு நம்பி ஓடி ஓடிப் பாத்தியே."

"விடுங்க. படிக்காதவ, நான் என்னத்தக் கண்டேன்" என்று செம்பை வாங்கிக்கொண்டாள் அவள்.

அந்த நேரம் மாப்பிள்ளையின் அக்கா லாமியா ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ராமநாதபுரத்தில் பல் டாக்டர் அவள். சிரித்த முகத்தோடு வாவு முகம்மதுவிடம் கேட்டாள்:

"இப்ப வாய் தேவலையா மாமா? உங்களுக்கு வேப் ஊதி வாய் காயுது, எதெல்லாம் குடுக்கலாம், எதெல்லாம் குடுத்தா இன்னும் காயும்னு மாமி அன்னைக்கு மாடியில இருந்து இறங்கின கையோட எனக்குப் போன் போட்டு ஒண்ணுவிடாமக் கேட்டுக்கிட்டாங்களே, சொன்னபடி சரியாத்தானே பாத்துக்கிட்டாங்க?"