ஊதுபத்தி அண்ணையும் படுக்கையறைச் சுவரும்

சுவிட்சர்லாந்தின் குளிர்மேல் பகிரங்கமாகப் போர் அறிவித்த ஒரே தமிழர் ஊதுபத்தி அண்ணைதான். நாங்களெல்லாம் குளிரோடு சமாதானமாகப் போய் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டோம். அண்ணையோ அது எந்த ஓட்டையால் உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து அவமானப்படுத்தாமல் விடமாட்டார்.

நாங்கள் இருந்த டீட்டிகோன் நகரில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரு கிழமை மின்சாரம் என்பார், மறு கிழமை சீமெந்து என்பார். யார் வீட்டுக்கு வந்தாலும் உட்காரமாட்டார், தேநீர் கேட்கமாட்டார். சட்டைப்பையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தி, யன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துவார். புகை நேரே எழுந்தால் தலையாட்டுவார். வளைந்தால், "பிடிபட்டாய்" என்று யன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கிழித்த பத்திரிகைத் தாளை இடுக்கில் திணிப்பார்.

புதிதாக வந்த குடும்பங்கள் அவரைப் பூசகர் என்றே நினைத்தன. ஒரு வீட்டில் தட்டில் தேங்காய், பழம் வைத்துக் காத்திருந்தார்கள். அண்ணை பழத்தைச் சாப்பிட்டு முடித்து, குளியலறை யன்னல்தான் மகா மோசம் என்று அருள்வாக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. காலையில் வினாகிரி போட்டுத் துடைப்பேன், இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும். பிள்ளையின் நெஞ்சு பூனைபோல இரைந்தது. யன்னலைத் திறந்து வைத்ததால் வந்ததோ, பூட்டி வைத்ததால் வந்ததோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டையும் செய்து பார்த்தேன். இரண்டிலும் நானே குற்றவாளி என்று தோன்றியது.

கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட் வந்து சுவரைப் பார்த்தார், பிறகு அடுப்பில் இருந்த புட்டுக் குழலைப் பார்த்தார். அடுத்த கிழமை வீட்டு உரிமையாளரின் கடிதம் வந்தது. நாள் முழுவதும் நீராவியில் சமைத்துச் சுவரைக் கெடுக்கிறோமாம். இரண்டு மாதத்தில் சுவர் காயாவிட்டால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமாம். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. அந்த நிலையில் கைக்குழந்தையோடு எங்களுக்கு வேறு யார் வீடு தருவார்கள்? கொஞ்ச நாளைக்குப் புட்டை நிறுத்தச் சொன்னார் கணவர். மூன்று கிழமை உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். பூஞ்சணத்துக்கு உருளைக்கிழங்கும் ஒத்துக்கொண்டது.

அப்போதுதான் அண்ணை ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். வீடுகளில் எரிபொருள் செலவைக் குறைக்க அரசாங்கம் உதவுகிறது, கேட்டால் ஆலோசகர் ஒருவர் இலவசமாக வந்து பார்ப்பார் என்று அதில் இருந்தது. அது எல்லாருடைய தபால்பெட்டியிலும் போட்ட தாள். நாங்கள் அதைத்தான் வெங்காயம் உரிக்க விரிப்போம்.

"இது சுவிஸ்காரருக்கு அண்ணை," என்றேன்.

"எல்லா வீட்டாருக்கும் எண்டு போட்டிருக்கு. நீங்கள் என்ன, மரத்திலயோ இருக்கிறியள்?"

"முறைப்பாடு செய்தால் பெர்மிட்டுக்குப் பிரச்சினை வராதோ?"

"தங்கச்சி, குளிர் உங்களிட்டைப் பெர்மிட் கேட்டே உள்ளுக்கு வந்தது?"

ஜெர்மன் வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி என்பதால் விண்ணப்பப் படிவத்தை என்னிடமே நிரப்பச் சொன்னார்; மூன்று பிரதி கொண்டுவந்திருந்தார். முதல் பிரதியில் ஒரு எழுத்துப்பிழை, கிழித்தேன். இரண்டாவதில் பிழை இல்லை, பயத்தில் கிழித்தேன். மூன்றாவதை அண்ணை தன் கையில் பிடித்துக்கொண்டார். நான் எழுதும்போதும் அவர் விடவில்லை. கடைசிப் பக்கத்தில், கூரையில் வெயிலால் தண்ணீர் சூடாக்கும் தகடு வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்தது.

"அதுக்கும் புள்ளடி போடுங்கோ."

"கூரை எங்கட இல்லையே, அண்ணை."

"வெயில் அந்தாளின்ரயோ?"

போட்டேன். அந்தப் புள்ளடியை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவரிடம் சொல்ல இன்னும் இரண்டு நாள் எடுத்தது.

ஆலோசகர் ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்தார். அவர் பின்னாலேயே ஹவுஸ்வார்ட்டும் ஏறி வந்தார். அண்ணை ஏற்கெனவே எங்கள் படுக்கையறையில், வேலைக்குப் போகவேண்டிய நேரத்தில், ஊதுபத்தியோடு நின்றார். பாருங்கள், இவர்கள் வீட்டுக்குள் புகை போட்டுக் கும்பிடுகிறார்கள் என்றார் ஹவுஸ்வார்ட். ஆலோசகர் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது யன்னலடியில் யாரோ தள்ளிவிட்டதுபோல அறைக்குள் சாய்ந்தது. காற்று நுழையும் இடத்தைக் காட்டும் தன்னுடைய புகைக்குழாய் காலையிலேயே தீர்ந்துவிட்டது, தனக்கும் கும்பிட ஒன்று கிடைக்குமா என்று ஆலோசகர் கேட்டார். அதற்குப் பிறகு அவரும் அண்ணையும் ஆளுக்கொரு ஊதுபத்தியோடு வீடு முழுக்க ஊர்வலம் போனார்கள்.

பிறகு ஆலோசகர் என்னைச் சமைக்கச் சொன்னார். எதை என்று கேட்டேன். குற்றம் சாட்டப்பட்டதை என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு புட்டு அவித்தேன், அவசரத்தில் மாவில் தண்ணீர் கூடிவிட்டது. குசினியில் ஈரப்பதக் கருவியின் முள் ஏறியது. யன்னலை ஐந்து நிமிடம் திறந்ததும் இறங்கியது. படுக்கையறைச் சுவரோ புட்டு அவிக்காத மூலையிலும் பனிக்கட்டிபோலக் குளிர்ந்து வியர்த்திருந்தது.

ஹவுஸ்வார்ட் என்னிடம் திரும்பி, நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த விருந்தாளிகள், விருந்தாளிகள் முறைப்பாடு செய்வதில்லை என்றார். வகுப்பில் படித்த வினைச்சொற்களெல்லாம் ஒரே நேரத்தில் ஓடிவிட்டன. அண்ணை வாயைத் திறக்கப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நான் முறைப்பாடு செய்யவில்லை," என்று ஜெர்மனில் சொன்னேன். "நான் விண்ணப்பித்திருக்கிறேன். இந்தச் சுவர் காயும்வரை விண்ணப்பிப்பேன்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ப் புட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆலோசகர் கட்டிப்பட்ட புட்டை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அறிக்கை வந்தது. யன்னல் சட்டங்கள் உக்கிவிட்டன, சுவருக்குக் குளிர்காப்பு இல்லை, குடியிருப்பவர்கள்மேல் பிழையில்லை. யன்னல் மாற்றினால் அரசாங்கம் செலவில் ஒரு பங்கு கொடுக்கும் என்று தெரிந்ததும் உரிமையாளர் தன் கடிதத்தைத் திரும்பப் பெற்றார். வசந்தகாலத்தில் இரட்டைக் கண்ணாடி யன்னல்கள் வந்தன. சுவர் காய்ந்தது. பிள்ளையின் இரைச்சல் அடங்கிய காலையில், மூச்சு விடுகிறானோ இல்லையோ என்று பயந்து அவனை எழுப்பிவிட்டேன். கூரையில் வெயில் தகடு மட்டும் வரவில்லை. அதை அண்ணை தற்காலிகப் பின்வாங்கல் என்றே சொல்வார்.

அடுத்த மார்கழியில் அவருக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, சூப்போடு முதன்முறையாக அவர் இருப்பிடத்துக்குப் போனேன். ரெஸ்டோரண்டுக்கு மேலே, கூரைக்கு அடியில் ஒரு சிறு அறை. ஹீட்டர் இல்லை. கூரை யன்னலின் உட்பக்கம் பனி பூத்திருந்தது. அண்ணை இரண்டு கோட்டோடு படுத்திருந்தார். ஊர் முழுக்க விண்ணப்பம் போடவைத்தவர் தனக்கு ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"தனி ஆளுக்கு என்னத்துக்கு, தங்கச்சி? அது குடும்பங்களுக்கு."

நான் அவரோடு வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து, அவருக்காக நானே படிவம் நிரப்பினேன். இன்னொருவருக்காக விண்ணப்பிப்பவர் அவருக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. எனக்குச் சகோதரர்கள் இல்லை என்று எங்கள் அகதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருடங்கள் போய், மகன் இப்போது கிண்டர்கார்டன் போகிறான். அந்த அகதி விண்ணப்பமும் இந்தப் படிவமும் ஒரே அதிகாரியின் மேசைக்குப் போய்விட்டால் என்ன சொல்வது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தங்கை என்றுதான் எழுதினேன். திருத்துவதாக இல்லை.