காலரில் இரண்டு பட்டை

முகாம் உணவுக்கூடம்,
மே 16, 1997

எனக்கு மூத்தவளும், ஐம்பது வயதுத் தம்பியின் காதைத் திருகும் உரிமையை இன்னும் விட்டுக்கொடுக்காதவளுமான வெர்னா அக்காவுக்கு, லாயிட் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே எர்ல் அத்தானும் உன் கோழிகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீ சுட்டுக் கொடுத்தனுப்பிய பெக்கான் கொட்டைப் பலகாரம் நசுங்காமல் வந்து சேர்ந்தது. அதோடு வைத்திருந்த செய்முறைக் காகிதமும் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"நீ மட்டும் போகலைன்னா, இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று போனில் கத்தினாயே, வந்துவிட்டேன். "நான் கார்ப்பரல் ஆகறேன், காலர்ல பதவிப் பட்டையை நீங்கதான் குத்தணும்ப்பா" என்று மகள் கோரின் கேட்டபோது நான் மாட்டேன் என்றது திமிரால் இல்லை அக்கா, வெட்கத்தால். அறுபத்தொன்பதில் நான் வெறும் காலரோடு, கடைநிலைச் சிப்பாயான பிரைவேட்டாகச் சேர்ந்தவன். ஒரு பட்டை வந்தது, பிறகு அதன் அடியில் ஒரு வளைவும் வந்து பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆனேன், ஜீப்பைக் குளத்தில் இறக்கியதில் பட்டையும் வளைவும் சேர்ந்தே போயின, இப்படி மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கி, சேர்ந்த அன்று இருந்த அதே மொட்டைக் காலரோடு ஊர் திரும்பினேன். பிரைவேட் பதவியில் என்னை விட அனுபவசாலி நம் மாவட்டத்திலேயே கிடையாது. அப்படிப்பட்டவன் கை அந்தப் பிள்ளையின் காலரில் படலாமா?

தவிர, இந்தக் கார்ப்பரல் பதவியே எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாள் அவள் ஸ்பெஷலிஸ்ட், காலரில் கம்பீரமாக ஒரு கழுகு. கழுகுக்கும் இரண்டு பட்டைக்கும் சம்பளத்தில் ஒரு காசு வித்தியாசமில்லை. ஸ்பெஷலிஸ்ட் தன் வேலையைப் பார்த்தால் போதும், கார்ப்பரலோ நாலு பேர் துப்பாக்கிக்கும் நாலு பேர் சாக்ஸுக்கும் பதில் சொல்ல வேண்டும். "ஏம்மா, கழுகைக் கொடுத்துட்டுப் பொதி சுமக்கப் போறியா?" என்று கேட்டேன். "சம்பளம் ஏறலப்பா. ஆனா இனிமே எது தப்பானாலும் முதல்ல என்னைத்தான் கேப்பாங்க" என்றாள், லாட்டரி விழுந்தவள் மாதிரி. அப்படி யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது என்றுதானே அக்கா நான் மூன்று முறை இறங்கினேன்!

காலையில் சார்ஜென்ட் ஒரு பக்கக் காலர், நான் ஒரு பக்கம். பட்டையின் ஊசி தவறி அவள் கழுத்திலேயே இறங்கிவிட்டது. பிள்ளை அசையவில்லை. "இன்னும் அழுத்துங்கப்பா, விழுந்துடப் போகுது" என்று உதடு பிரியாமல் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். கைக்குட்டை இல்லாததால் பலகாரத்தைச் சுற்றியிருந்த உன் துணியில் மூக்கைச் சிந்தினேன், மன்னித்துக்கொள்.

அப்புறம்தான் வேடிக்கை. அவளோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்த டெஸ் பிக்கெட் இன்னும் ஸ்பெஷலிஸ்ட். கார்ப்பரலோடு பேசும்போது காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி நிற்க வேண்டுமாம். "நேத்து வரைக்கும் என் ஷாம்பூவைத் திருடினவ மாமா இவ! இன்னைக்கு இவளுக்குக் கையைக் கட்டணுமாம்" என்று என்னிடம் புலம்பினாள். கட்டித்தான் நின்றாள். சாப்பாட்டு வரிசையில் கோரின் கடைசி, பொறுப்பில் இருப்பவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டுமாம். மொட்டைக் காலர் பையன்கள் எல்லாம் தட்டை நிரப்பிக்கொண்டு போகும்வரை நின்றாள். அவள் முறை வந்தபோது கோழி தீர்ந்துவிட்டது, வெறும் சோள ரொட்டியைத் தின்றாள். எனக்கு வயிறு எரிந்தது. இவள் என் மகள் என்று கூரை மேல் ஏறிக் கத்த வேண்டும் போலவும் இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும், "உட்கார்ந்தவங்க எல்லாரும் தூக்கணும்!" என்றாள். இருநூறு நாற்காலி! அவள் பட்டாளத்துக்குக் கிளம்பியபோது அப்பன் சீதனமாக நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: வேலை வந்தால் கையில் ஒரு காகிதம், முகத்தில் ஒரு கவலை, காலில் ஒரு வேகம், ஒருத்தனும் கூப்பிட மாட்டான், அப்படியே போய் ஒளிந்துகொள்ள இன்னின்ன இடம். உன் செய்முறைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக வெளியே நடந்தேன். லாரிக் கொட்டகையின் பின்பக்கம் திரும்பினால், எதிரே நிற்கிறாள்.

"காகிதத்தோட எங்க போறீங்க?"

"அவசரமா ஒருத்தர்கிட்ட கொடுக்கணும்மா."

வாங்கிப் படித்தாள். "மூணு முட்டை, ஒரு கப் பெக்கான், வெண்ணெய் உருகினது. யாருக்கு அவசரம், தளபதிக்கா?" சிரிக்கவே இல்லை அக்கா. "நீங்க சொன்ன இடம் ஒண்ணு விடாம எனக்கு மனப்பாடம்ப்பா. காலைலேர்ந்து எங்க போய்ப் பாத்தாலும் எவனாவது ஒளிஞ்சிருக்கான். இவளுக்கு எப்படித் தெரியுதுன்னு பட்டாளக் கம்பெனியே மண்டையைப் பிச்சிக்குது." நான் சொல்லிக்கொடுத்த வித்தைக்கு இப்படி ஒரு பயன் இருக்குமென்று கனவிலும் நினைக்கவில்லை.

காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனேன். இருநூறு நாற்காலியையும் நானே முன்னின்று அடுக்கினேன். பிரைவேட் பையன்கள் அசந்துபோனார்கள். அந்த வேலையை முடித்துவிட்டுத்தான், புது மனிதனாக, நிமிர்ந்து உட்கார்ந்து, உன் செய்முறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இதை எழுதுகிறேன். இனி நீ என்னைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

அத்தானுக்கு என் அன்பு. உன் அடுப்பு அணையாமலும் உன் குரல் கம்மாமலும் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் தம்பி,
லாயிட் ஹேஸ்கெல்

பின்குறிப்பு: உன்னிடம் பொய் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. அடுக்கியது பதினொரு நாற்காலி. இதை எழுதுவது உணவுக்கூடத்தில் இல்லை, சலவை அறைக் கொதிகலனுக்குப் பின்னால். வந்து பார்த்தால் டெஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், நகர்ந்து இடம் கொடுத்தாள், உன் பலகாரத்தில் பாதியை இருவரும் முடித்துவிட்டோம். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்கிறது. அவள்தான், நடையிலேயே தெரிகிறது. டெஸ் எழுந்துவிட்டாள். நான் பட்டாளத்தை விட்டு இருபத்தைந்து வருஷமாகிறது, என்னை யாரும் எழச் சொல்லவில்லை, நானும் எழுந்துவிட்டேன். கையைப் பின்னால் கட்ட வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.