ஐந்தாம் வகுப்பின் சராசரி

கம்ப்யூட்டரில் எழுபத்திரண்டு என்ற எண் சிவப்பாக நின்றது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்பு மாறவில்லை.

போனில் கல்வி அலுவலகத்துக் குமாஸ்தா காத்திருந்தார்.

"அஞ்சாம் வகுப்புச் சராசரி எழுபத்தஞ்சு வேணும் சார். அதுக்குக் கீழ போனா உங்க பள்ளிக்கூடத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்த்துடுவாங்க. உங்களுக்கு இன்னும் ரெண்டு பரீட்சைதான் பாக்கி."

"எட்டுப் பிள்ளைங்க எண்பது எண்பதா வாங்கியிருக்காங்க. ஒரே ஒரு பொண்ணு எட்டு மார்க்கு. அவ ஒருத்தியால..."

"ஒருத்தியோ பத்துப் பேரோ, கம்ப்யூட்டருக்குச் சராசரிதான் சார்."

அந்த ஒருத்திக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் புதுசு. அவள் குடும்பம் பிழைப்புக்காக இங்கே வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. வருடம் போனாலும் பெயர் பழையதாகவில்லை. கடைசி பெஞ்சில், சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பாள்.

பள்ளியில் தலைமையாசிரியரைத் தவிர்த்தால் கணக்கு டீச்சர் மட்டும்தான். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வகுப்புல கேட்டா நல்லாத்தான் சொல்றா சார். பரீட்சையிலதான் ஒண்ணு ரெண்டு தவிர எதுவும் எழுதாம குடுக்கிறா. பயமோ என்னமோ. கொஞ்சம் பொறுமையா விசாரிக்கலாம்."

"சட்டியில இருந்தாதானே டீச்சர் அகப்பையில வரும்."

மறுநாள் முதல் மாலை வேளைகளில் அவரே புதுசுக்குத் தனி வகுப்பு எடுத்தார். பத்து நாள் கூட்டலும் கழித்தலுமாகத் தொண்டை வறளப் பேசினார். அவளை ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

அடுத்த பரீட்சையில் ஆறு மார்க்கு வாங்கினாள். பத்து நாள் உழைப்பில் இரண்டு மார்க்கு குறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை அவருக்கு வந்தது. ஒன்பதில் ஒன்றை எடுத்துவிட்டால் சராசரி தானாக எண்பதுக்கு ஏறிவிடும். இதற்குப் பெரிய கணக்குப் புலி தேவையில்லை. புதுசின் அம்மாவை வரச் சொன்னார்.

வேலை உடையோடு, முடியில் அட்டைத்தூள் ஒட்டியபடி அவள் வந்து நின்றாள்.

"ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா சார்?"

"அதெல்லாம் இல்லம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம் இருக்கில்ல, அங்க வசதி அதிகம். நல்ல நூலகம் இருக்கு. உங்க பொண்ணோட எதிர்காலத்துக்குன்னுதான் சொல்றேன்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. அவளோ கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சொந்தக்காரங்ககூட இவ்வளவு அக்கறையா நினைக்க மாட்டாங்க சார்."

அன்று மத்தியானமே மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். புதுசு அதை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது எட்டுப் பிள்ளைகளும் வாசல் வரை ஓடிப்போய் அழுதார்கள். ஒருவன் அவள் பையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீ போயிட்டா நாங்க என்ன பண்றது?" என்று விம்மினான்.

பிள்ளைகளுக்கு எவ்வளவு பாசம் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கு டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, மூன்றாம் நாள் குமாஸ்தா மறுபடி கூப்பிட்டார்.

"சார், மாணவர் விவரப் படிவத்துல 'புதிதாகக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பூஜ்யம்னு வருது."

"ஆமா. இருந்த ஒருத்தியும் மாறிப் போயிட்டா."

"அந்த ஒருத்தி பேரைச் சொல்லித்தானே ரெண்டாவது டீச்சர் வேணும்னு எழுதிக் கேட்டீங்க. அடுத்த மாசத்தோட அந்தக் கணக்கு டீச்சர் வேலை ரத்து."

தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தார்கள். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். பள்ளியில் சேர்க்கிற வயதில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, கிளி ஒன்று இருக்கிறது, இப்போதுதான் பேசக் கற்றுக்கொள்கிறது என்றார் அவர். வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

கடைசிப் பரீட்சை வந்தது. எல்லாத் தடவையும் போலவே கட்டத்தில் டிக் போடுகிற வினாத்தாள். எல்லாப் பரீட்சைக்கும் மேற்பார்வை அவர்தான். வழக்கம்போல மேஜையில் மாணவர் விவரப் படிவத்தை விரித்து, தலை நிமிராமல் நிரப்பிக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கேட்கும் தாள் சலசலப்பு அன்று இல்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

திருத்தி முடித்தபோது சராசரி முப்பத்தொன்று.

விடைக்குறிப்பு தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு மறுபடி திருத்தினார். இரண்டு இடத்தில் தாராளமாக மார்க்கு போட்டிருந்தது தெரிந்து, முப்பதாக இறங்கியது. பள்ளியைச் சேர்த்துவிடும் உத்தரவு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கணக்கு டீச்சர் தன் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. எந்த வார்த்தை என்று தெரியவில்லை.

நேராக ஐந்தாம் வகுப்புக்குப் போனார். கோபம் வரவில்லை. களைப்புதான் இருந்தது.

"என்ன ஆச்சு உங்களுக்கு? போன மாசம் வரைக்கும் எண்பது வாங்கினீங்களே. யாராவது சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

எட்டுத் தலைகளும் குனிந்தன. கடைசியில், குரல் காதுக்குள் ரீங்கரிக்கும் என்பதால் கொசு என்று கூப்பிடப்படும் சின்னப்பெண் எழுந்து நின்றாள்.

"எழுதிக் குடுத்தாதான் விளையாட்டுக்குச் சேர்த்துப்போம்னு சொல்லியிருந்தோம் சார். எங்க எட்டுப் பேர் பேப்பரையும் புதுசுதான் எழுதுவா, அவ பேப்பரை எடுக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடும்."