லேபிளில் நின்ற ஆள்

என் இடது காலில் செருப்பு நிற்காது. கல்யாண வீடோ இழவு வீடோ, நான் நாலு எட்டு வைப்பதற்குள் அது எனக்கு முன்னால் ஓடிப்போய் யார் காலிலாவது இடிக்கும். கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லாத காலில் வார் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பாவம். விரல்கள் எங்கே என்று கேட்பவர்களிடம் இமயமலையில் போய்விட்டன என்று உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். திருப்பூரில் இதை ஒருவரும் நம்புவதில்லை. காலை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "மிஷின்ல மாட்டிக்கிச்சுங்களா?" என்று மறுபடியும் கேட்பார்கள். இப்போதெல்லாம் ஆமாங்க என்று சொல்லிவிடுகிறேன். அதுதான் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி. வேலம்பாளையத்தில் அப்பாவுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. ஓட்டுக் கட்டடம், ஏழெட்டு மிஷின். எங்கள் சரக்குக்கு 'வெள்ளிமலை மார்க்' என்று பெயர். அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிளில் நீல வானம், வெள்ளை மலை, உச்சியில் கொடி பிடித்தபடி ஓர் ஆள். உடம்பில் கை வைத்த பனியன், இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி, காலில் ஒன்றும் கிடையாது. முறுக்கு மீசையோடு சிரித்துக்கொண்டிருப்பான். அந்த முகம் என் முகம். எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அப்பா என் போட்டோவை ஓவியரிடம் கொடுத்து, மீசை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

பனியையே பார்த்திராத ஓவியர், பனியையே பார்த்திராத அப்பா சொல்லச் சொல்ல வரைந்த படம் அது. எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மலை என்றால் எங்களுக்குச் சிவன்மலைதான். கிருத்திகைக்குக் கிருத்திகை வெறுங்காலோடு ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்குகிற மலை. (மலை மேலே குளுருமாம்னு யாராவது சொல்லியிருந்தா, நல்லதுதானுங்களேன்னு சொல்லியிருப்போம்.)

எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் கல்கத்தாவுக்குப் போனது. அதை எடுத்து விற்கிற ஏஜென்ட் ஒருமுறை நேரிலேயே வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே லேபிளைக் காட்டி, அங்கே கடைக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றார். பனியில் இப்படி நிற்கிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை பிணமாக இருக்க வேண்டும் என்கிறார்களாம். படத்தை மாற்றினால் ஆர்டர் தருகிறேன், மாற்றாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அப்பா அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் ஒரு பூவையோ கிளியையோ போட்டு அடுத்த லேபிளை அடித்திருப்பார். அப்பாவுக்கோ அவர்கள் சிரித்தது படத்தைப் பார்த்து அல்ல, பெற்ற மகனைப் பார்த்து. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"நீயே போயி அங்க நின்னு ஒரு போட்டோ புடிச்சுட்டு வந்துரு கண்ணு. அப்பறம் எவன் சிரிக்கறான்னு பாத்துக்கலாம்."

சிவன்மலைக்குப் போய்விட்டு வரச் சொல்வது போலத்தான் சொன்னார். நானும் சரிங்கப்பா என்றேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, மூளை அதற்குப் பாதி.

பெங்களூரில் ஒரு கேப்டன் இருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர். வருடா வருடம் பணம் கட்டுகிறவர்களைச் சேர்த்து, ஒரு வழிகாட்டியையும் வைத்துக்கொண்டு, இமயமலையில் ஏதாவது ஒரு சிகரத்துக்கு அழைத்துப் போவார். யாரோ சொல்லி அப்பா என்னை அவரிடம் சேர்த்துவிட்டார். கிளம்புவதற்கு முன் நாங்கள் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் செய்தோம். ஊரில் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. மரத்தூள் மூடிய ஐஸ்கட்டிகள் அடுக்கிய அறையில், நாலு பனியனை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அப்பா கதவுக்கு வெளியே நின்று அவ்வப்போது குளிருகிறதா என்று கேட்டார். உண்மையிலேயே பெரிதாகக் குளிரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு வியர்க்காது, வியர்க்காதவரை பருத்தி பருத்தியாக இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நாலு பனியனுக்கு இவ்வளவு என்றால் எட்டு போட்டால் இமயமலையையே தாங்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டார்.

மலையடிவார முகாமில் கேப்டன் எல்லோருக்கும் கம்பளி உள்ளாடையும் கம்பளிக் காலுறையும் கொடுத்தார். நான் வாங்கி, மடித்து, என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே கிளம்பினேன். பனியன் கம்பெனிக்காரர் மகன், எவனோ பின்னிய கம்பளியை உள்ளே போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு மட்டும் நம் சரக்கை மேலே மாட்டுவதா? அது கலப்படம். பூட்ஸ் வேறு தொளதொளவென்று இருந்தது. அதற்கும் கையில் மருந்து வைத்திருந்தேன். கம்பெனியில் மிஷின் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் துணி ஒரு பை நிறைய எடுத்து வந்திருந்தேன். அதைத் திணித்ததும் பூட்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டதை இப்போது நினைத்தால் காலில்லாத விரல்கூட வலிக்கிறது. மன்னிக்கவும், விரலில்லாத கால்.

பணம் கட்டி வந்த மற்றவர்கள் அடிவார முகாமிலேயே தங்கிவிட, ஒரே கயிற்றில் மூன்று பேர். முன்னால் வழிகாட்டி பெம்பா, டார்ஜிலிங் பக்கத்துக்காரர். நடுவில் நான், பின்னால் கேப்டன். வெயிலில் ஏறும்போது எனக்கு வியர்த்து ஊற்றியது. எட்டு பனியனும் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தன. (நல்லா உறிஞ்சுமுங்கன்னு சொல்லித்தானுங்களே விக்கறோம்.) தலைவலி மண்டையைப் பிளந்தது, தின்ற பிஸ்கட் திரும்பி வந்தது. ஆனாலும் ஏறினேன். மேல் முகாமை அடைந்து, பொழுது சாய்ந்து, காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் வினை ஆரம்பித்தது.

முதலில் ஈரம் சில்லிட்டது. பிறகு விறைத்தது. கூடாரத்துக்குள் பற்கள் அடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்த என்னைப் பெம்பா சந்தேகத்தோடு பார்த்து, மேல்கோட்டின் பொத்தானைக் கழற்றி, மார்பில் விரல் முட்டியால் தட்டினார். கதவைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. கழற்ற முடியவில்லை. எட்டும் சேர்ந்து ஒரே பலகையாகியிருந்தன. கத்தியை எடுத்துக் கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழித்தார். உயிர் போகிற அந்த நேரத்திலும் நான் கிழிபட்ட ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

அடுத்துப் பூட்ஸைக் கழற்றினார். வேஸ்ட் ஐஸ்கட்டியாகி விரல்களோடு ஒட்டியிருந்தது. வலது காலைத் தன் வயிற்றில் வைத்தே பெம்பா சூடாக்கிவிட்டார். இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. கிள்ளினால் தெரியவில்லை.

மறுநாள் உச்சிக்குப் போகிற நாள். வானம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருந்தது. சிகரம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றது. கேப்டன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இறங்குகிறோம் என்றார். முன்பு ஒருமுறை காற்று அடித்ததால் அதே மலையிலிருந்து திரும்பியவர் அவர். இந்த முறை ஒரு பனியன் கம்பெனியால் திரும்பினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவரோ என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க அப்பா என்னப்பா சொல்லி அனுப்பிச்சார்?" என்று கேட்டார்.

"ஒரு போட்டோ வேணுமுங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கேமராவை எடுத்தார். உச்சிக்கென்று நான் தனியாகக் கொண்டுவந்திருந்த புதுப் பனியன் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதை மாட்டிவிட்டு, நான் விழாமல் இருக்கப் பெம்பா பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். கேப்டன் ஒரே ஒரு படம் எடுத்தார். உடனே இரண்டு பேரும் தங்களிடமிருந்த கம்பளியையெல்லாம் என்மேல் சுற்றி, அன்றே கீழே இறக்கினார்கள். அடிவாரத்துக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள்.

திருப்பூர் ஸ்டேஷனில் அப்பா நின்றிருந்தார். நான் கழியை ஊன்றி இறங்குவதைப் பார்த்தும் பாராதது போல என் முகத்தையே பார்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"சரக்கு நின்னுதா கண்ணு?"

"நின்னுதுங்கப்பா. நாந்தான் நிக்கலீங்க."

வீட்டுக்கு வந்து போட்டோவைக் கொடுத்தேன். கண்கள் செருகி, உதடு கறுத்து, மூக்கு வீங்கி, எனக்குச் சொந்தமில்லாத இரண்டு கைகள் அக்குளில் முளைத்து நின்றுகொண்டிருந்தேன். அப்பா வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதப் பாத்தா பனியன் வாங்கமாட்டாங்க. கோடித்துணிதான் வாங்குவாங்க" என்றார். அவர் தமாஷ் பண்ணி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு அவர் கீழே உட்கார்ந்து என் கட்டை அவிழ்த்து, விரல் இல்லாத இடத்தை ஒருமுறை உள்ளங்கையால் மூடிப் பார்த்துவிட்டு, திரும்பவும் கட்டிவிட்டார்.

அடுத்த வாரமே லேபிள் அச்சடிக்கும் பிளாக்கை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குக் கிளம்பினார். படத்தில் அந்த ஆளை மட்டும் எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஏஜென்ட் போயிருக்க மாட்டாரே, என் விரலும் போயிருக்காதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது எதற்கு என்று கேட்டேன்.

"என்ற பையனே எறங்கி வந்துட்டான். படத்துல இருக்கறவன் மட்டும் அங்க எதுக்குச் சாமி நின்னுட்டு இருக்கோணும்? குளுருமல்ல."

கழியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை போய் அவரை அனுப்பிவைத்தேன்.

கல்கத்தா போனது போனதுதான். ஏஜென்ட் அதற்குள் வேறு கம்பெனி பிடித்துவிட்டார். ஆளில்லாத மலைக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று மற்ற ஊர்க் கடைக்காரர்களும் கேட்டார்கள். மிஷின்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அப்பா கடைசிவரை சின்ன வியாபாரியாகவே இருந்து, ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார். எடுப்பதற்கு முன் வெள்ளிமலை மார்க் பனியன் ஒன்றை நான் அவருக்குப் போட்டுவிட்டு, அதன்மேல் ஒரு கம்பளியையும் போர்த்தினேன். பங்காளிகள் ஏதோ முணுமுணுத்தார்கள். அவருக்குக் குளிரக் கூடாது என்று எனக்கு இருந்தது.

கம்பெனி இன்றைக்கு இல்லை. பழைய அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் மிச்சம், அதில் என் மாத்திரைகள் இருக்கின்றன. பிளாக் செய்தவர் ஆளைச் சுரண்டி எடுத்தாரே தவிர, பனியில் விழுந்திருந்த அவன் நிழலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அந்தப் பெட்டியின் லேபிளில் வெறும் உச்சியில் கொடி பிடித்த ஒரு நிழல் மட்டும் சரிந்து கிடக்கும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் பதில் சொல்வது என் மகள் வயிற்றுப் பேத்திதான். போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள்.

"அது எங்க அப்புச்சியுங்க. அவரு அப்பவே எறங்கீட்டாரு, நெழலுதான் இன்னும் வந்து சேரலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவர்களை வழியனுப்ப எழுந்து, வாசலில் செருப்பை மாட்டினேன். செருப்பு எனக்கு முன்னால் ஓடிப்போய் மாப்பிள்ளையின் காலில் இடித்தது.