மறுலோகத்து வாசலில் நிற்பது நான்தானே

1-9-2024: பக்கங்கள் 212. ஆட்சேபனை 0.
8-9-2024: ஆட்சேபனை 1.
22-9-2024: ஆட்சேபனை 7.
20-10-2024: பக்கங்கள் 197. ஆட்சேபனை 9.
மேற்படி நாள்வரை முழுவதும் படித்தவர்: 1.

கதைக்குள் தன்னைத் தேடும் மனிதரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் கொரட்டூரில், ஏரிப் பக்கமாகப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரே குடியிருப்பில் மட்டும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். கணக்கை மேலே கொடுத்திருக்கிறேன்.

சாதாரண நாட்களில் இவரை அடையாளம் காண முடியாது. பால் வாங்குவார், மோட்டார் போடுவார், லிஃப்டில் வணக்கம் சொல்வார். ஆனால் தெரிந்தவர் யாரோ ஒரு கதை எழுதியிருப்பதாக அவர் காதில் விழட்டும். அன்றிலிருந்து அவர் நடை மாறும், பேச்சு அளவாகும், முடியைச் சீவிக்கொண்டுதான் குப்பை போடக் கீழே இறங்குவார். பிரதி கைக்கு வந்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார். எதற்குப் படிக்க வேண்டும்? முதல் பக்கத்தில் அவர் இல்லையே. விரலில் எச்சில் தொட்டு விறுவிறுவென்று புரட்டித் தனக்குரிய இடத்தில் போய் நிற்பார். நல்ல பாத்திரமாக இருந்தால், "நம்ம கதைதான், பேரை மட்டும் மாத்திட்டா" என்று அடக்கமாகச் சொல்வார். கெட்ட பாத்திரமாக இருந்தால் அது எதிர்வீட்டுக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார். கெட்ட பாத்திரத்துக்கு மூட்டுவலி இருந்து, தனக்கும் மூட்டுவலி இருந்துவிட்டால்? அன்று அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு இறங்காது.

எங்கள் மூன்றாம் மாடி நிஷா, அம்பத்தூரில் கணினி வேலை பார்ப்பவள், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ஒரு நாவல் எழுதினாள். பதின்வயதினருக்கான மாயக்கதை. தவறுதலாகச் செத்துப்போன பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மின்சார ரயிலில் மறுலோகம் போய்ச் சேர்கிறாள். அங்கே வாசலில் ஒரு காவல்காரர், வருகிற உயிரையெல்லாம் நிறுத்தி, "யாரைக் கேட்டு வந்தே?" என்கிறார். பெண் எப்படித் திரும்பி வருகிறாள் என்பது மிச்சக் கதை.

பிரதியை அவள் இரண்டாம் மாடி ஸ்வாதிக்குக் கொடுத்தாள். பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண். அந்த வயதுக்கான கதை. ஸ்வாதி ஒரே நாளில் படித்து, அழுது, முடித்தாள். அதோடு நின்றிருக்கலாம். அவள் அப்பா நாற்பத்தொன்றாம் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து, காவல்காரரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் விட்டார்.

எங்கள் சங்கத் தலைவர் ஏகாம்பரம் இருபது வருடமாகக் கேட் ஓரம் பனியனோடு நிற்பவர். சிலிண்டர்காரர், கூரியர்காரர், கல்யாணப் பத்திரிகை கொண்டுவரும் சொந்தக்காரர் என்று எல்லோரிடமும் அவர் கேட்கும் கேள்வி எது என்று சொல்ல வேண்டியதில்லை.

"அங்கிள், அது நீங்க இல்ல. யாருமே இல்ல," என்றாள் நிஷா.

"பின்ன இன்னாத்துக்கு அவனுக்கு வெள்ளை பனியன் போட்ட?"

"அந்த ஊர்ல வெயில் ஜாஸ்தின்னு போட்டேன்."

"தோ பாரும்மா, நான் இன்னும் சாவல. அதுக்குள்ள எனக்கு அங்க வேலை போட்டுக் குடுத்துட்ட."

நாவலை அச்சிட இருந்த பதிப்பாளருக்கு அவர் ஓர் ஆட்சேபனைக் கடிதம் எழுதினார். பதிப்பாளர் சின்ன அளவில் தொழில் செய்பவர், அவரும் அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறார். ஏசி மாட்டவும், நாய் வளர்க்கவும், வாடகைக்கு விடவும் அக்கம்பக்கத்தாரிடம் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதி வாங்கிப் பழகியவர். நாவலுக்கும் அதையே கேட்டார். பன்னிரண்டு வீட்டுக் கடிதமும் நவம்பர் முப்பதுக்குள் நிஷா கைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் அச்சு. வராவிட்டால் வேறு யாருடைய புத்தகமாவது அந்த இடத்தில் அச்சாகும்.

நிஷா காவல்காரரைப் பெண்ணாக்கினாள். முதல் மாடி புஷ்பா படியேறி வந்தார்.

"என்னைத்தான் எழுதியிருக்கே, பரவாயில்ல. ஆனா நரகத்து வாசல்லயா நிறுத்துவே?"

"அது நரகம் இல்ல ஆன்ட்டி, எல்லாருக்கும் பொது வாசல்."

"பொது வாசல்னா குப்பை வண்டி வர்ற பக்கம்தானே?"

பெண் எருமையானாள். மறுலோகத்துக்குப் பொருத்தமான பிராணிதான். ஆனால் எருமை தலைவரா புஷ்பாவா என்பதில் குழுவில் இரண்டு நாள் சர்ச்சை நடந்தது; ஆளுக்கு ஆள் தரவுகளோடு வாதாடினார்கள். வெறுத்துப்போன நிஷா, காவல்காரரும் வேண்டாம் எருமையும் வேண்டாம் என்று பதினைந்து பக்கத்தை மொத்தமாக எடுத்துவிட்டாள். ஆட்சேபனை தீர்ந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"இன்னாம்மா இது, என்னைக் காணோம்?"

"நீங்கதானே அங்கிள் வேணாம்னீங்க."

"மாத்த சொன்னேன். தூக்க சொன்னனா? இருவது வருசமா இந்த கேட்டாண்ட நின்னுகினு கீறேன். செத்தா எனக்கு ஒரு கேட்டு கூட இல்லன்னா இன்னா நாயம்?"

படியில் உட்கார்ந்திருந்த ஸ்வாதி தலையைத் தூக்கினாள். "அங்கிள், கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?"

"நான் வர்ற பக்கம் படிச்சேன்."

"கடைசிலயும் அவர்தான் வர்றாரு."

பழைய பிரதியை எடுத்து அவளே படித்துக் காட்டினாள். பூமிக்குத் திரும்ப ஒரே ஒரு சீட்டு. அது பல காலம் காத்திருந்த காவல்காரருக்கு வந்த சீட்டு. அதை அவர் அந்தப் பெண் கையில் திணித்துக் கேட்டைத் திறந்துவிடுகிறார். யாரைக் கேட்டு அவளை விட்டாய் என்று மேலதிகாரிகள் கேட்கிறார்கள். யாரையும் கேட்கவில்லை என்கிறார்.

ஏகாம்பரம் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"திரும்பப் போடு. பேரும் போடு."

"யார் பேர் அங்கிள்?"

"எம் பேருதான். சும்மா காவல்காரரு, காவல்காரருன்னா எவனுக்குத் தெரியும்?"

தலைவர் பெயரோடு கதைக்குள் நுழைந்துவிட்டார் என்று தெரிந்ததும் மற்ற பதினோரு வீடும் ஒரே மாலையில் கையெழுத்துப் போட்டன. ரயிலில் டீ விற்கும் ஆவிக்கு, வருவது இரண்டே வரி, புஷ்பாவின் பெயர் வைக்கப்பட்டது. மீதி தலைவர் கடிதம் ஒன்றுதான். அதை அவர் நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை இருபத்தாறாம் தேதி செவ்வாய்க்கிழமை கொரட்டூர் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாக அனுப்பினார். தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு.

"கையில குடுத்திருக்கலாமே அங்கிள்," என்றாள் நிஷா அழாத குறையாக.

"கையில குடுத்தா நாளைக்கு வாங்கலைன்னு சொல்லுவ. ஒப்புகை அட்டை வரணும்."

புதன் வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளி மழை.

தபால்காரர் வருவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏகாம்பரம் என்று வந்த இடமெல்லாம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை வைத்துத்தானே படித்தீர்கள்? நல்லது. அவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் யாரை வைத்துப் படிப்பார்? என்னைக் கேட்காதீர்கள். நாவலின் நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டே போகும் கிழ ஆவி ஒன்று வருகிறது. அதன் கண்ணாடிச் சட்டம் பழுப்பு, என்னுடையது கறுப்பு.

சனிக்கிழமை காலை தபால்காரர் தினகரன் கேட்டுக்கு வந்தார். அனுப்பியவரே எதிரில் நின்றார்.

"சார், இது உங்க லெட்டர்தானே? நீங்களே மேல குடுத்துடுங்களேன்."

"அதெல்லாம் கூடாது நைனா. மூணு மாடி ஏறு, கையெழுத்து வாங்கு."

லிஃப்ட் ஓடவில்லை. தினகரன் ஏறினார். உறைக்குள் ஒரே வாக்கியம்: 'மேற்படி மறுலோகத்தில், மேற்படி வாசலில், நான் நிற்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.' நிஷா கையெழுத்திட்டு அதை வாங்கிக்கொண்ட நாள் 30-11-2024.