விதையைத் தாளித்த கதை

எனக்குச் சமைக்கத் தெரியும் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பொய் சொன்னது என் அம்மா. அனுபவித்தது ஒரு தெரு.

முகப்பேர் அடுக்குமாடியில், ஆபீஸ் கேண்டீன் புண்ணியத்தில் வளர்ந்த உடம்பு இது. வாக்கப்பட்டதோ பூந்தமல்லியைத் தாண்டி, கூவத்தின் கரையில் நெல்லும் கீரையும் போடுகிற வீட்டில். (கூவம் என்றதும் மூக்கைப் பொத்தாதீர்கள். அந்தப் பக்கம் அது ஆறுதான். பயிர் வைக்கலாம். மழைக்காலத்தில் பயிரைப் பறிகொடுக்கவும் செய்யலாம்.)

கல்யாணமான வருஷமே பறிகொடுத்தோம். விடாத மழையில் ஆறு ஏறி வயலுக்குள் வந்துவிட்டது. கதிர் தலைகாட்டிய நெல் மொத்தமும் தண்ணீருக்கு அடியில். ஊருக்குள் முழங்கால் அளவு. தெருவில் மாடி வீடு எங்களுடையது மட்டும்தான் என்பதால் ஆடு, டிவி, மூட்டை முடிச்சோடு தெருவே எங்கள் மாடிக்கு ஏறிவிட்டது. நாங்களும் கீழே இருந்த சாமான்களை அள்ளிப்போய் மாடி அறையில் குவித்தோம்.

மாமனார் வயல் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீட்டிய டீயையும் வாங்கவில்லை. அத்தைதான் (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பக்கத்தில் போய், தண்ணீர் வடிந்ததும் சிறுகீரை விதைத்துவிடலாம், ஒரு மாதத்தில் மார்க்கெட்டுக்கு அனுப்பலாம், விதைதான் பத்திரமாக மேலே வந்துவிட்டதே என்று தேற்றினார். அதற்குப் பிறகுதான் மனிதர் டீயை வாங்கிக் குடித்தார். இதெல்லாம் என் காதுபடத்தான் நடந்தது. அந்த விதை எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

அத்தனை பேருக்கும் பசி. உப்புமா நான் கிண்டுகிறேன் என்று முன்வந்தேன். அத்தை என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். சரி என்றார். (காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையை அவர்தான் கவனித்துக்கொண்டிருந்தார், வேறு வழியில்லை.)

ரவை கிடைத்தது, வெங்காயம் கிடைத்தது. கடுகைத்தான் காணோம். குவியலைக் கிளறியபோது ஒரு டப்பா அகப்பட்டது. உள்ளே கருகருவென்று பொடிக் கடுகு, நடுநடுவே காய்ந்த கறிவேப்பிலை. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறாரே, என்ன ஒரு நிர்வாகம் என்று அத்தையை நினைத்து மெய்சிலிர்த்துப்போனேன்.

கடுகு படபடவென்று வெடித்த பிறகுதான் அடுத்த வேலை என்பது அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சமையல் பாடம். இந்தக் கடுகோ சத்தமே இல்லாமல் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது. மழையில் நமுத்திருக்கும் என்று இன்னொரு கரண்டி போட்டேன். அதுவும் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்று. முப்பது பேருக்கு உப்புமா என்றால் சும்மாவா? இரண்டாவது அண்டா இறங்கும்போது டப்பா காலி.

உப்புமா கசந்தது. ஆனாலும் பசி, யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும், பல்லில் மணல் கடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று தன் மனைவியிடம் முணுமுணுத்தார். மாமனார் தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்து முகர்ந்து பார்த்தார். பூச்சி பிடிக்காமல் இருக்க விதைக்குள் போடுகிற வேப்பிலை அது. எழுந்து போனவர் காலி டப்பாவோடு திரும்பி வந்தார்.

“வெதைய யாரு எடுத்தது?”

வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு குரல் முந்திக்கொண்டது.

“நான்தான் எடுத்துக் குடுத்தேன்,” என்றார் அத்தை. “கரண்டு இல்ல, ஒரே இருட்டா கீது. கடுகுன்னு நெனச்சிகினேன்.”

பாவாடை கட்டிய நாளிலிருந்து கீரை விதைக்கிற பெண்மணி! இதைப் போய் யார் நம்புவார்? நம்பினார்கள். கண்ணு அவிஞ்சா பூட்ச்சி என்று மாமனார் ஊரைக் கூட்டாத குறையாகத் திட்டினார். (ஊர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.) அத்தை தலையைக் குனிந்துகொண்டு தன் தட்டிலிருந்த உப்புமாவைக் கடைசி வாய் வரை தின்று முடித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு தனியாகக் கேட்டேன்.

“என்னைன்னா நாலு திட்டு திட்டிட்டு மறந்துடுவாங்க,” என்றார். “நீ புதுசா வந்தவ. உன்னைன்னா ஊரு மறக்காது.”

தண்ணீர் வடிந்ததும், மாடியிலிருந்து இறங்கியவர்கள் தங்கள் மூட்டைகளை அவிழ்த்து ஆளுக்கொரு பிடி விதை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் சிறுகீரை, ஒருவர் தண்டுக்கீரை, ஒருவர் அரைக்கீரை. எங்கள் நிலத்தில் பாத்திக்குப் பாத்தி ஒரு நிறம் முளைத்தது. வீடு நிமிர்ந்தது அந்தக் கீரையில்தான். இப்படிப்பட்ட தெருவும் இப்படிப்பட்ட மாமியாரும் வாய்க்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் அத்தை போட்ட கணக்கு தப்பிவிட்டது. ஊர் மறக்கவே இல்லை. இன்றைக்கும் ஒரு விசேஷத்தில் அவர் அடுப்பண்டை போனால், விதை டப்பாவை ஒளித்து வை என்று யாராவது குரல் கொடுப்பார்கள். போன மாதம் என் மகளின் காதுகுத்தில் சமையல்காரரே சொன்னார். பந்தியே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“சும்மா குந்து. இத்தினி வருசமா நல்லா சிரிச்சிகினு கீறாங்க, கெடுத்துடாத.”