தலைவர் மேல் இறங்கிய அம்மன்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். காட்டுத் தலைவர் செங்கோட நரியார் அதைத் தூர்த்து பங்களா கட்டிவிட்டார். பூவாத்தா ஆமை பாவம், தன் குஞ்சுகளை ஈரச்சாக்கில் சுற்றி வளர்த்தாள். மனு கொடுக்க வரிசையில் நின்று நின்று அவள் ஓடு தேய்ந்ததுதான் மிச்சம்.

அம்மன் திருவிழா வந்தது. வழக்கமாகக் கிடா பூசாரி மேல் இறங்கும் அம்மன், என்ன நினைத்தாளோ, மாலை வாங்க மேடையேறிய தலைவர் மேல் இறங்கிவிட்டாள். தோள்துண்டு பறக்க ஆடினார் நரியார். மைக்கைப் பிடுங்கி, "கொளத்த முழுங்குனவன் நான்தான்டா!" என்று அலறினார்.

செல்போன்கள் உயர்ந்தன. உதவியாளன் சடையக் குரங்கு மேடைக்குத் தாவினான்.

"ஐயோ, கற்பூரத்தக் காட்டுங்க! சாமிய மலையேத்துங்க!"

அருள் வந்தவர் முன் கற்பூரம் கொளுத்தினால் சாமி ஆளை விட்டுப் போய்விடும். அந்தக் காட்டு வழக்கம் அது. பூவாத்தா பாய்ந்துபோய்த் தட்டிலிருந்த கற்பூரத்தை எடுத்துத் தன் ஓட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். பாய்ந்து என்றால், ஆமைக்குப் பாய்ச்சல்.

"எவனாச்சும் கிட்ட வந்தீங்கன்னா கடிச்சுப்போடுவேன்! இந்த வாயில இன்னைக்குத்தான் உண்மை வருது" என்றாள். அழுகை பொங்கியது. "ஆத்தா, எங்க கொளம் எங்களுக்கு வேணும்."

"நாளைக்கே பங்களாவ இடிச்சுக் கொளத்தத் தோண்டறேன், மகளே!"

கூட்டம் குலவையிட்டது.

"கொளத்துக்குத் தண்ணி வர வாய்க்கா வேணுமில்ல?" என்றாள் நரியார் வாயால் அம்மன். "அது மேல ஒருத்தி, மூத்த மக கல்யாணத்துக்குன்னு ரெண்டு ரூம் எடுத்துக் கட்டியிருக்கா. அதையும் இடிக்கோணும். அப்புறம் ஒவ்வொருத்தரு வீடா வர்றேன்."

குலவை நின்றது. பூவாத்தா அந்த ரெண்டு ரூமுக்கும் போன வாரம்தான் வெள்ளையடித்திருந்தாள். குஞ்சுகளுக்கு ஈரச்சாக்கு நன்றாகவே பழகிவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. மெல்ல ஓட்டுக்குள் கையை விட்டுக் கற்பூரத்தை எடுத்தாள்.

"சாமி ரொம்பக் களைச்சுப்போச்சு. தீப்பெட்டி யாருகிட்ட இருக்குதுங்க?"

கூட்டத்தில் அத்தனை பேரும் நீட்டினார்கள்.

தலைவர் கண் விழித்தார். "நான் ஏதாச்சும் சொன்னனா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் பூவாத்தா. "நல்லா ஆடுனீங்க."

நீதி: தலைவருக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், கற்பூரம் மட்டும் நமுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.